குளிர் நாட்டில் ஒரு வெயில் நாள்

கதை என்று ஒன்றை எழுதத் துணிந்தமைக்குப் படிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். பிழைகள் அடியேனுடையவை, பெருமை முழுவதும் மேஸ்திரியுடையது.

வெயில் நாட்டில் இருபது ஆண்டுகள் கான்கிரீட் தளம் போட்டுக் கை பழகிய அந்த மேஸ்திரி, மனைவியின் அண்ணனை நம்பிக் குளிர் நாட்டுக்கு வந்தவர். அங்கே புதுத் தளத்தை நீரால் நனைப்பார்கள்; இங்கே கம்பளியால் போர்த்துவார்கள். வந்த முதல் மாதமே, பழக்கதோஷத்தால், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். விடிந்து பார்த்தால் நீர் உறைந்து, தளத்தின் மேல்தோல் செதில் செதிலாகப் பெயர்ந்து கிடந்தது. அன்றிலிருந்து அவர் 'ஐஸ் மேஸ்திரி'. ஒப்பந்தக்காரரான மைத்துனரும் கறாராகச் சொல்லிவிட்டார்: "மாப்பிள்ளை, இன்னொரு தளம் கெட்டுச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது. பெட்டியைக் கட்டிடுங்க."

கோடை வந்தது. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தின் தளத்தில் பாதி இவர்களுக்கு, மறுபாதி வேறொரு குழுவுக்கு. காலையில் கலவை லாரி வந்து கொட்டிவிட்டுப் போனது. பத்து மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது; கூடவே வறட்டுக் காற்று. மேஸ்திரி மைத்துனரிடம் ஓடினார்.

"மச்சான், இப்படியே விட்டா வெடிச்சிடும். நனைக்கணும்."

"மறுபடியும் தண்ணியா? இந்த நாட்டுல வெயில் மூணு நாள் விருந்தாளி, மாப்பிள்ளை. தானா போயிடும்."

"வெயில் போயிடும். விரிசல் போகாதே!"

"ஐஸ் கட்டி போட இன்னிக்கு நாள் சரியில்லையே அண்ணே!" என்றான் கொத்தனார் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

மேஸ்திரி தளத்தின் மேல் புகைபோல நீரைத் தெளித்துக்கொண்டே மனைவியைக் கைபேசியில் அழைத்தார்.

"வீட்ல இருக்கிற படுக்கை விரிப்பு அத்தனையும் எடுத்துட்டு வா."

"ஏங்க, யாருக்கு உடம்பு சரியில்ல?"

"தளத்துக்கு!"

அரைமணி நேரத்தில் அந்த அம்மாள் மூட்டையோடு வந்து இறங்கினார். விரலால் அழுத்தினால் தடம் விழாத பதம் வந்ததும் மேஸ்திரி ஈர விரிப்புகளைப் பரப்பத் தொடங்கினார். கையைக் கட்டி நின்ற மைத்துனரை அவர் தங்கை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னண்ணே வேடிக்கை? அந்த முனையைப் பிடி!"

ஊரையே அதட்டும் ஒப்பந்தக்காரர் ஓடிப்போய் முனையைப் பிடித்தார். பிறகு கொத்தனார்கள் சும்மா நிற்க முடியுமா? பொழுது சாயும்வரை விரிப்புகள் காயவே இல்லை.

மாலைக்குள் மறுபாதித் தளம் வற்றிய ஏரிபோல வெடித்திருந்தது. மறுநாள் பொறியாளர் அம்மாள் வந்தார். விரிப்புகளை விலக்கச் சொல்லி, மண்டியிட்டு, மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்தார்.

"மயிரிழை விரிசல்கூட இல்லையே! யார் வேலை இது?"

மைத்துனர் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க மாப்பிள்ளைங்க! இனிமே கோடை முழுக்க இங்க அவர் வெச்சதுதான் சட்டம்."

விசில் பறந்தது. நேற்றுச் சிரித்த கொத்தனாரே மேஸ்திரியைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றினான்.

இழப்பையும் சொல்லிவிடுவதே முறை: படுக்கை விரிப்புகள் பதினொன்று, பூப்போட்ட மேசைத்துணி ஒன்று, புறப்பட்ட அவசரத்தில் மேஸ்திரியின் மனைவி அடுப்பை அணைக்க மறந்ததால் கருகிப்போன பாத்திரம் ஒன்று.