நேர்ந்துவிட்ட சேவலும் போக்கர் மேசையும்

ஒரு சேவலை வைத்துக் கார் ஜெயித்தவன் பேராக் மாநிலத்திலேயே இந்தப் பத்துமலை ஒருவன்தான். அந்தச் சேவலும் என்னோடே வீட்டுக்குத் திரும்பியது.

எழுபத்தெட்டில் லகாட் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். எனக்கு ஒரு பிழைப்பு அமைந்தால் முனியாண்டிக்குக் கொடுப்பதாக என் மனைவி முத்தம்மா ஒரு சேவலை நேர்ந்துவிட்டாள். கன்றுக்குட்டி உயரம் இருக்கும். அதைக் கண்டாலே தபால்காரர் சைக்கிளைத் திருப்பிவிடுவார்.

அந்த நேரம் ஈப்போவில் ஒரு கிளப்பில் பெரிய போக்கர் போட்டி அறிவித்தார்கள். முதல் பரிசு கார். கார் இருந்தால் டாக்சி ஓட்டிப் பிழைக்கலாம் என்று மனதில் விழுந்துவிட்டது. நுழைவுக் கட்டணமோ, ஈயச் சுரங்கம், எங்கள் பேச்சில் லம்பம், வைத்திருந்த சீன முதலாளி தவுக்கேக்களுக்கே இருமல் வரும் தொகை. ஆனால் எங்களுக்கும் ஒரு வழி இருந்தது: சிலர் கூடி ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு கட்டணத்தைச் சேர்ப்பார்கள். தங்களுக்குள் ஆடி, ஜெயித்தவன் அதைக் கட்டிக் கிளப்புக்குப் போவான்.

புந்தோங்கில் சீனியின் காப்பிக் கடையில் அப்படி ஒரு மேசை கூடியது. மற்றவர்கள் போட்டதே கட்டணத்துக்குப் போதும். பணமில்லாத நான் சேவலை வைத்தேன், ஜெயிப்பவனுக்கு அதுவும் சேரும் என்று. சீட்டுப் போட்ட பிறகுதான் அது யாருக்கு நேர்ந்தது என்பதைச் சொன்னேன். முனியாண்டி சேவலைத் தூக்கிக்கொண்டு போக யாருக்குத் துணிச்சல்? நான் பந்தயத்தை ஏற்றும்போதெல்லாம் ஒவ்வொருவராகச் சீட்டைக் கவிழ்த்து விலகினார்கள்; கட்டணம் என் கைக்கு வந்தது.

முத்தம்மாவுக்குச் சேதி போய்விட்டது. "சாமி சேவலையே பந்தயம் வச்சிட்டீங்க. இனி காரோட வாங்க, இல்லன்னா வராதீங்க" என்றாள்.

அதனால் சேவலைக் கூடையோடு கிளப்புக்கே கொண்டுபோய் நாற்காலிக்கடியில் வைத்தேன். தரைக் கம்பளத்தின் தடிப்பில் புதைந்த என் சிலிப்பர் இன்றுவரை அகப்படவில்லை. ஒவ்வொரு தவுக்கேயாகத் தோற்று எழுந்து போனார். கடைசியில் எனக்கு எதிரே எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய பழைய கிராணி, யாழ்ப்பாணத்துத் தியாகராஜா ஐயா. முழுக் கட்டணம் கட்டி வந்தவர். முனியாண்டியெல்லாம் வெறும் பயம் என்று ஊருக்கே சொல்பவர்.

கையில் ஒரு ஜோடிகூட இல்லை. இருந்தாலும் முத்தம்மாவை நினைத்து என் பந்தயக் காசு எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன். அந்நேரம் பார்த்து சேவல் கூவியது. கிந்தா ஆறே ஒரு கணம் நின்று கேட்டது. கிராணி சீட்டைக் கவிழ்த்தார். அவர் பக்கம் மிஞ்சியது சொற்பம், அடுத்த ஆட்டத்தில் அதுவும் என்னிடம் வந்தது.

சேவலை முனியாண்டிக்குச் சேர்த்துவிட்டுப் பத்து வருடம் டாக்சி ஓட்டினேன். ஆனால் சீனி கடையில் இந்தக் கதையை எடுத்தால் கிராணி ஐயா மட்டும் பேப்பருக்குப் பின்னாலிருந்தே எல்லாம் புளுகு என்பார். அப்படி ஒரு போட்டியே நடக்கவில்லையாம்.

போன வாரம் வேண்டுமென்றே கதையை மாற்றினேன். அன்றைக்கு என் கையில் நாலு ஆசு இருந்தது, ஐயா கவிழ்த்ததில் அதிசயமே இல்லை என்றேன்.

பேப்பர் இறங்கியது.

"நாலு ஆசோ? உம்மட்ட ஒண்டுமே இருக்கேல்லை, பத்துமலை. காரை எடுத்த பிறகு நீரே சொன்னனீர். என்னட்ட மூண்டு ராஜா இருந்தது."

"அப்புறம் ஏன் ஐயா கவுத்தீங்க?" என்றார் சீனி.

கிராணி காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"அந்தச் சேவல் என்னைப் பாத்துத்தான் கூவினது. ஓம், நடந்ததுதான்."