பத்து மணிப் படம்

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தவளை தண்ணீரில் விழுந்தபோது வீரம்மாக்கா சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்த கைக்குழந்தை ஒன்று விழித்துக்கொண்டு வீறிட்டது.

"மெதுவா சிரிங்கக்கா, இது என்னா டவுன் தியேட்டரா?" என்று அதட்டினேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. அந்தத் தவளை அதே கல்லில் வழுக்கி அதே குட்டையில் விழுவதைப் போன சித்திரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் அலுக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை காம்பராவுக்கு நான்தான் மிஸ். காலையில் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிற அவசரத்தில் தாய்மார் பிள்ளைகளை என் கையில் திணித்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிவிடுவார்கள். பதினேழு உருப்படிகள். கைகழுவி, கஞ்சி ஊட்டி, மூக்குத் துடைத்து முடிக்க ஒன்பதரை ஆகிவிடும். அதற்குமேல் என் உடம்பில் உயிர் இருக்காது. அப்போதுதான் டீவியைப் போடுவேன். ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்துவிட்டுப் போன டீவி. அதோடு வந்த பென்டிரைவில் இருபது பாட்டும் ஒரே ஒரு படமும் இருந்தன. பாட்டைப் போட்டால் பிள்ளைகள் ஆளையாள் கடிக்கத் தொடங்கிவிடும். படத்தைப் போட்டால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். ஆகவே தினமும் ஒன்பதரைக்குப் படம். ஒரு நீர்நாய்க் குட்டியின் கதை. இந்தியத் தமிழில் பேசுவார்கள்.

பத்து மணிக்குப் பெண்கள் வருவார்கள். பால்குடிப் பிள்ளை உள்ளவர்களுக்கு மலையில் அரைமணி நேரம் விடுவது வழக்கம். கூடையை வெளியே இறக்கி, காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டு, ஈரத்துக்கு இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்க்காமலே சுவரோரமாக உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வார்கள். பிள்ளைக்கு மார்பு, கண்ணுக்குப் படம். முதலில் மூன்று பேர் வந்தார்கள். பிறகு பால்குடி மறந்த பிள்ளைகளின் தாய்மாரும் வரத் தொடங்கினார்கள். வீரம்மாக்காவின் கடைசி மகளுக்கே கலியாணம் ஆகிவிட்டது. "நீ யாருக்குப் பால் குடுக்கப் போற?" என்று மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா கேட்டதற்கு, "தவளைக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

அந்தக் கண்டாக்கு ஐயாவும் லேசுப்பட்டவர் இல்லை. படத்தில் ஒரு கொக்கு வருகிறது. கரையில் நின்றுகொண்டு மீன்களை வரிசையில் வரச்சொல்லி அதட்டும். பெண்கள் அதற்குக் கண்டாக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் நேரமாகிவிட்டது என்று பெண்களை விரட்ட வந்தவர், குடையோடு வாசலில் நின்றவர், நின்றபடியே பத்து நிமிடம் பார்த்தார். கொக்கு சேற்றில் காலை விட்டுக்கொண்டு அல்லாடியது. "அது பாவம், அதுக்கு மேலயும் ஒரு ஆளு இருக்கும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பத்தரைக்கு முன்னால் அவர் விரட்ட வருவதில்லை.

பெரிய ஆட்களுக்குச் சின்னப் பிள்ளைகள் படம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று நானும் யோசித்திருக்கிறேன். வீட்டில் எல்லோரிடமும் போன் இருக்கிறது. அதில் வெட்டும் குத்துமாக ஆயிரம் படம் ஓடுகிறது. "அதுல யாரு நல்லவன்னு கண்டுபுடிக்கவே தல வலிக்குது மிஸ்" என்பார் வீரம்மாக்கா. இதில் தவளை விழும், குட்டி சிரிக்கும், நாமும் சிரிக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஈரத்தில் நின்று விறைத்த ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்க இந்தத் தோட்டத்தில் வேறு எந்த இடம் இருக்கிறது? ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். நான் படம் முழுவதையும் பார்க்கிறவள்.

அவர்கள் பார்ப்பது பத்திலிருந்து பத்தரை வரைக்கும்தான். தவளை, கொக்கு, குட்டியின் சேட்டை. ஆரம்பமும் தெரியாது, முடிவும் தெரியாது. முடிவை யாரும் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைகள் படம், நல்லபடியாகத்தானே முடியும்? ஆரம்பத்தை அவர்களே கட்டிக்கொண்டார்கள். குட்டி தாய் சொல் கேட்காமல் விளையாடப் போய்த் தொலைந்துவிட்டது. வருகிறவர்களில் ஷாமிலா அதை வாய்விட்டே திட்டுவாள். "அம்மா பேச்சக் கேட்டிருந்தா இப்பிடி ரோட்டுல நிப்பியா? ஓடுகாலி!" அவள் மகள் நிலக்ஷி, மூன்று வயது, தாயின் மடியில் இருந்து என்னைப் பார்ப்பாள். உண்மை என்னவென்று எனக்கும் பதினேழு பிள்ளைகளுக்கும் தெரியும். குட்டி தொலையவில்லை. ஓடை வற்றிப்போகிறது, மீன் இல்லை. தாய் ஒரு பச்சை இலையை எடுத்துக் குட்டியின் தலையில் வைத்து, "இந்த எலை காயறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தூரத்து ஆற்றுக்குப் போகிறது. தொலைந்தது தாய்தான்.

நான் ஒருநாளும் திருத்தவில்லை. அதில் என்ன கெட்டுப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை மற்றவர்கள் கூடையைத் தூக்கிய பிறகும் ஷாமிலா நின்றாள். நிலக்ஷியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"வெசா வந்துருச்சு மிஸ். வியாழக்கெழம போறேன். வேன் பதினோரு மணிக்குக் கீழ் ரோட்டுக்கு வருதாம்."

வெளிநாட்டு வீட்டுவேலைக்கென்று அவள் ஹட்டனில் டிரெய்னிங் போனதும், மெடிக்கல் எடுத்ததும் ஊருக்கே தெரியும். ஆனாலும் நாள் சொன்னபோது வேறாக இருந்தது. அவள் புருசன் கஜேந்திரன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். அவர்கள் தொடங்கிய வீடு சன்னல் மட்டத்தோடு நின்று, சுவரில் பாசி பிடித்துக் கிடக்கிறது. லயத்து வரிசை வீடுகளில் அவர்களுடைய காம்பராவின் பின்சுவர் வெடித்து நிற்பதால், மழை நாளில் பிள்ளையை அடுத்த வீட்டில் படுக்க வைக்கிறாள். போகாதே என்று சொல்ல நான் யார்? சொல்லிவிட்டு அந்தச் சுவரை நான் கட்டிக் கொடுப்பேனா?

"புள்ளய?"

"நாத்தனா பாத்துக்குறேன்னு சொல்லிருக்கு. பகல்ல ஒங்ககிட்டதானே மிஸ் இருக்கப் போறா. ரெண்டே வருசம்." பிறகு தயங்கி, வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள். "வியாழக்கெழம வேல இல்ல. மொதல்லருந்து கடைசி வரைக்கும் புள்ளயோட ஒக்காந்து அந்தப் படத்தப் பாக்கவா மிஸ்? அங்க போயி அவ கேட்டான்னா போன்ல கத சொல்லலாம்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "வாயேன், அதுக்கென்ன" என்றுதான் சொன்னேன்.

எனக்கு நாலு வயதில் என் அம்மா குவைத்துக்குப் போனார். வரும்போது எனக்கு ஒன்பது. மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பொம்பிளை கையை நீட்டிக்கொண்டு வந்தபோது நான் என்னை வளர்த்த சித்தியின் பின்னால் ஒளிந்துகொண்டேன். பெட்டி நிறைய கவுன் கொண்டுவந்தார். எல்லாம் நாலு வயதுப் பிள்ளைக்கு. அவர் மனதில் நான் வளரவே இல்லை. இன்றைக்கு ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. ஆனால் சித்தியை வா, போ என்கிற என் வாயில் அம்மாவுக்கு வாங்க, போங்க என்றுதான் வருகிறது. அவர் மேல் எனக்குக் கோபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கோபமாக இருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு முன்பே ஷாமிலா வந்துவிட்டாள். புது சுடிதார், தலையில் பூ, கையில் துணிப்பை, தோளில் பாஸ்போர்ட் வைத்த கைப்பை. வெளியே சரியான மழை. இருட்டிக்கொண்டு வந்ததால் தொட்டில்களுக்கு மேலே பல்பைப் போட்டிருந்தேன். அவள் பாயில் பிள்ளைகளுக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து நிலக்ஷியை மடியில் இருத்திக்கொண்டாள்.

ஓடை வற்றியது. தாய் நீர்நாய் இலையை எடுத்துக் குட்டியின் தலையில் வைத்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நீந்திப் போனது. ஷாமிலா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பிள்ளைகளுக்குத் திரிபோஷா சத்துமா உருண்டை பிடிக்கிற மும்முரத்தில் இருப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"இது ஓடிப்போகலயா மிஸ்?" என்றாள் மெதுவாக.

"இல்ல."

பத்து மணிக்கு மற்றப் பெண்கள் வந்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். வீரம்மாக்கா போகும்போது ஷாமிலாவின் கன்னத்தைத் தடவிவிட்டுக் கூடையைத் தூக்கினார். தவளை விழுந்தபோது ஷாமிலா சிரிக்கவில்லை. குட்டி அந்தக் காய்ந்த இலையைக் கல்லுக்கு அடியில் பத்திரப்படுத்துவதை மட்டும் பார்த்தாள். அதை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். அது என்ன இலை என்று இன்றைக்குத்தான் தெரியும்.

பத்தரைக்குப் பிறகு மழை வருகிறது, ஓடை நிறைகிறது, குட்டி வளர்ந்துவிடுகிறது. பத்தே முக்காலுக்கு ஓடை வளைவில் தாயின் தலை தெரியும். அதற்கு மேல் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். குட்டிக்குத் தாயை அடையாளம் தெரியாது. தவளையின் பின்னால் ஒளிந்துகொண்டு, "நீங்க யாரு?" என்று கேட்கும். அந்த இடத்தில் நான் தினமும் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். இந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு வேனில் ஏறிப் போவதா? அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு இரண்டு வருசம் இன்னொருத்தர் வீட்டைக் கழுவுவதா?

தாயின் மீசை தண்ணீருக்கு மேலே தெரிந்ததும் நான் எட்டி டீவி சுவிட்சை அமர்த்தினேன்.

"அடடா, கரண்டு போயிருச்சு" என்றேன்.

பிள்ளைகள் கத்தின. ஷாமிலா கறுத்த டீவியைப் பார்த்தாள். பிறகு தலையை உயர்த்தி, தொட்டில்களுக்கு மேலே எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"பரவால்ல மிஸ்" என்றாள். "மழ நாள்ல போறதுதானே."

நான் மறந்துபோனது ஒன்று. பிள்ளைகளுக்கு டீவி தேவையில்லை. தினமும் படம் முடிந்த கையோடு அந்தக் கடைசிக் கட்டத்தை ஆடித் தீர்ப்பார்கள். குட்டியாக யார் என்பதில் அடிபிடி நடக்கும். தவளை மட்டும் எப்போதும் நான்தான். அன்றைக்கு நிலக்ஷி முந்திக்கொண்டாள். தாயின் மடியிலிருந்து துள்ளி இறங்கி, ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள்.

ஷாமிலா எழுந்தாள். "வாங்க செல்லம். அம்மாவுக்கு நேரமாச்சு, ஒரு முத்தம் குடுங்க." கையை நீட்டினாள்.

நிலக்ஷி என் இடுப்போரமாக எட்டிப் பார்த்தாள். படத்தில் வருகிற அதே ராகத்தில் கேட்டாள்.

"நீங்க யாரு?"

ஷாமிலா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"படத்துல வர்ற பேச்சு ஷாமிலா" என்று அவசரமாகச் சொன்னேன். "வெளையாடுறா. தெனமும் இப்பிடித்தான்."

"தெரியுது மிஸ்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "நிலா, அம்மாடி. வா."

பிள்ளை வரவில்லை. வரக் கூடாது. விளையாட்டில் அப்படித்தான். படத்தில் தாய் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போகும். குட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் தாய் தன் தலையில் ஒரு பச்சை இலையை வைத்துக்கொண்டு வரும். அதைக் கண்ட பிறகுதான் குட்டி ஓடிப்போய் ஏறிக்கொள்ளும். அது ஷாமிலாவுக்குத் தெரியாது. தெரியவிடாமல் செய்தவள் நான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் இலைதான்.

கீழ் ரோட்டில் ஹோர்ன் அடித்தது.

ஷாமிலா கையை மடக்கிக்கொண்டாள். மகளை ஒருமுறை பார்த்தாள், பல்பை ஒருமுறை பார்த்தாள். விறுவிறுவென்று செருப்பு மாட்டாமல் மழைக்குள் இறங்கிப் போனாள். படத்தின் ஆரம்பத்தைப் பார்த்தவள். தானாக விளங்கிக்கொண்டு முதல் வரிசைத் தேயிலைக்குப் போகிறாளா, இல்லை அழுகையை மறைத்துக்கொண்டு ரோட்டுக்கே இறங்குகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் துணிப்பை பாயில் கிடந்தது. பாஸ்போர்ட் வைத்த கைப்பை கிடக்கவில்லை.

"எல எடுக்கப் போயிருக்காங்க" என்றாள் நிலக்ஷி, ரகசியமாக.

மற்றப் பதினாறு பிள்ளைகளும் மூச்சு விடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசற்படியில் மழை தெறித்தது. ஹோர்ன் இரண்டாம் தரம் அடித்தது. இந்தத் தடவை நீளமாக.

நான் ஷாமிலாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

சேலை பின்னாலிருந்து இழுபட்டது. "தவள இப்ப பேசக் கூடாது மிஸ்."