லாரியில் கை வைத்தது யார்

கட்டபெட்டு தேயிலை ஃபேக்டரிக்கு வந்த புது ஆட்டோமேட்டிக் லாரியை லிங்கசாமியிடம் கொடுத்த அன்றே, காத்தமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை என்று லிங்கசாமி முடிவுகட்டிவிட்டான். காத்தமுத்து அங்கே பழைய டிரைவர். சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் வந்தவர். பச்சை இலை ஏற்றும் ஓட்டை லாரிதான் இன்னும் அவருக்கு. அன்னூரிலிருந்து நேற்று வந்த லிங்கசாமிக்குப் புது வண்டி. கோபம் வராமல் இருக்குமா?

ஒருநாள் காலையில் புது லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. லீவர் நியூட்ரலில்தான் இருந்தது. எந்த கியரில் இருக்கிறது என்று டேஷ்போர்டில் காட்டும் எழுத்தே வரவில்லை. லீவரை முன்னும் பின்னும் ஆட்டியதும் சரியாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம், அந்த லாரிக்கு அடியிலிருந்து காத்தமுத்து ஊர்ந்து வெளியே வருவதை அவன் பார்த்தான்.

"ஏனுங்கண்ணா, என்ர வண்டிக்கடியில என்ன பண்றீங்க?"

"தம்பி, ஒரு வயரு வந்து..."

லிங்கசாமி முழுதாகக் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

குன்னூரில் சரக்கை இறக்கியதும் அடியில் படுத்துப் பார்த்தான். கியர்பாக்ஸுக்குப் போகும் வயரைச் சணல் கயிற்றால் அடிச்சட்டமான சேஸிஸோடு இழுத்துக் கட்டியிருந்தது. கம்பெனிக்காரன் இப்படியா கட்டுவான்? கயிற்றை அறுத்து, சாட்சிக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டான்.

அதன்பிறகு அவன் கண் காத்தமுத்துவை விட்டு நகரவில்லை. அவர் டீ குடிக்கப் போனாலும் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்தான். வாட்ச்மேனிடமும் சொல்லி வைத்தான்.

அந்த வாரமே குன்னூர் இறக்கத்தில், நிறை லோடோடு போகும்போது கியர் மாறாமல் நின்றுகொண்டது. எஞ்சின் அலறியது. டேஷ்போர்டில் எழுத்து இல்லை. பிரேக்கை மிதித்து, மண்மேட்டை ஒட்டி வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

நேராக மேனேஜரிடம் போய்க் கயிற்றை மேசைமேல் போட்டான். "என்னைய ஒழிச்சுக்கட்டப் பாக்குறாருங்க சார்."

மேனேஜர் காத்தமுத்துவைக் கூப்பிட்டு, விஷயம் தெரியும்வரை லீவில் இருக்கச் சொன்னார். காத்தமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார். காத்தமுத்து தன் லாரிச் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கட்டியிழுத்து வந்த லாரியைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ராஜப்ரியா என்ற மெக்கானிக் வந்தாள். லேப்டாப்பை வண்டியோடு இணைத்தாள்.

"லீவர் எந்த இடத்துல இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற சென்சார் ஒண்ணு இருக்குங்கண்ணா. அந்தச் சேதி போய்ச் சேரலைன்னா வண்டி ஸ்டார்ட்டும் ஆகாது, ஓடறப்ப கியரும் மாறாது."

லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தினாள். திரையில் எல்லாம் சரியாகவே வந்தது. சென்சாரும் அதற்கென்று போட்டிருந்த குறியோடு சரியாகப் பொருந்தித்தான் இருந்தது. பிறகு அடியில் படுத்து, திரையைப் பார்க்கும்படி லிங்கசாமியிடம் சொல்லிவிட்டு வயரை அசைத்தாள்.

"எழுத்து போச்சுங்க... வந்துருச்சுங்க... மறுபடி போச்சுங்க!"

சேஸிஸ் விளிம்பில் உரசி உரசி வயரின் தோல் தேய்ந்து, செம்பு தெரிந்தது.

"யாராவது கை வெச்சிருக்காங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

"வெச்சிருக்காங்க சார். ஆனா கெடுக்கறதுக்கில்ல. வயரைப் பிடிச்சிருந்த கிளாம்ப் உடைஞ்சு வயர் தொங்கியிருக்கு. அதை யாரோ இழுத்துக் கட்டியிருக்காங்க, தடம் இருக்குது. அவுக்காம உட்டிருந்தா இவ்வளவு தேஞ்சிருக்காது."

லிங்கசாமி விடவில்லை. "கிளாம்பை உடைச்சதே அவருன்னா?"

"பழைய உடைப்புங்கண்ணா. விரிசலுக்குள்ள சேறு காஞ்சு கெடக்கு பாருங்க."

குனிந்து பார்த்தான். அவள் சொன்னது சரிதான். "அந்தக் கயித்தை அறுத்தது நான்தானுங்க சார்" என்றான்.

அன்று மாலை கீழ் கோத்தகிரியில் காத்தமுத்துவின் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி கருப்பம்மா வாசலிலேயே நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டான்.

காத்தமுத்து கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு வந்து பாக்காட்டி, நான் சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா தம்பி?" என்றார்.

பொய் சொல்ல நினைத்தான். முடியவில்லை. "இல்லீங்கண்ணா."

"அப்ப இங்க வந்து சொல்லி என்னத்துக்கு? என்னைய லீவுல போகச் சொன்னத ஃபேக்டரியே பாத்துச்சு. அங்க வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை இலை எடைபோடும் இடத்தில், கயிற்றை அறுத்தது தான்தான், காத்தமுத்துமேல் தப்பில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி லிங்கசாமி சொன்னான். மேனேஜர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். காத்தமுத்து வாங்கிக்கொண்டு தன் லாரியிடம் போனார். ஏறுவதற்கு முன், யாராவது கை வைத்திருக்கிறார்களா என்பதுபோல் குனிந்து, ஒரு பக்கம் பார்த்தார், சுற்றி வந்து மறுபக்கமும் அடியில் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து லிங்கசாமி அதற்குமுன் கண்டதில்லை.