வந்து வந்து போகும் வலி

லாரி ஓட்டுநர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். முதுகைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதை வாடகைக்கு விட்ட வீடு போலத்தான் பேசுவார். "கீழ இருந்தவன் ஒருவழியா காலி பண்ணிட்டான் டாக்டரம்மா. மேல தோள்பட்டைகிட்ட இருக்கிறவன்தான் அசைய மாட்டேங்கிறான்" என்றார். நான் சிரித்துக்கொண்டே படுக்கை விரிப்பை மாற்றித் திரும்பியபோது வாசலில் தங்கை நின்றிருந்தாள். ஒரு கை கதவுச் சட்டத்தில் இருந்தது. இன்னொரு கை இடுப்புக்குப் பின்னால். ஏழு மாத வயிறு அவளுக்கு முன்பாகவே அறைக்குள் வந்துவிட்டிருந்தது.

ஓட்டுநர் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டுப் போனார்.

"போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே" என்றேன்.

"பண்ணியிருந்தா வராதன்னு சொல்லியிருப்ப."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவருக்கும் தெரியாது. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். முடியலக்கா. நேத்துலேருந்து இடுப்பு கழண்டு விழுற மாதிரி இருக்கு."

நான் செய்வது ஆஸ்டியோபதி, எலும்பு, தசை வலிகளுக்கு மருந்தில்லாமல் கையாலேயே செய்யும் சிகிச்சை. படித்து வாங்கிய பட்டம் சுவரில் தொங்குகிறது. ஆனாலும் உறவுக்காரர்களுக்கு அது 'பிடிச்சு விடுற வேலை'தான். எலும்பை முறித்துவிடுவேன் என்று நினைத்துப் பயந்துகொண்டே வருகிறவர்களும் உண்டு. உண்மையில் என் வேலையில் பாதி, கையை வைத்துவிட்டுக் காத்திருப்பது. தசை எங்கே இறுகியிருக்கிறது, மூச்சு எங்கே தடைபடுகிறது, எந்தக் காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறார்கள் என்று பார்ப்பது. கர்ப்பிணிகள் நிறையப் பேர் வருவார்கள். வயிறு முன்னால் இழுக்க இழுக்க இடுப்பு வளைந்து, நடையே மாறிப்போயிருக்கும். பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து, இடுப்பைச் சுற்றி மெல்ல இளக்கிவிட்டால் பலர் அங்கேயே தூங்கிவிடுவார்கள். எப்படி எழுந்திருப்பது, எப்படிப் படுப்பது, நின்றே வேலை பார்ப்பவர்கள் எப்படிக் கால் மாற்றுவது எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். குழந்தை பிறந்ததும் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். வாங்கிக் கொஞ்சுவேன். அவர்கள் போன பிறகு உள்ளே போய்க் கை கழுவுவேன், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

எனக்கு இரண்டு முறையும் கரு தங்கவில்லை. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் போனது. எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, காரணம் எதுவும் தெரியவில்லை என்றார்கள். காரணம் இல்லாமல் காலியாகக் கிடந்த இடத்தில் ஆளாளுக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா வைத்தது இது: "நாள் முழுக்க யார் யார் நோவையோ கையால வாங்கறியே, அதெல்லாம் எங்க போகும்? உன் உடம்புலதான் இறங்குது." அன்று அது என் மேல் உள்ள கவலையாகத்தான் ஒலித்தது. சண்டை போடத் தோன்றவில்லை.

தங்கை உண்டாகியிருப்பது தெரிந்ததும் அம்மா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அவளுக்கு இடுப்பு வலி அது இதுன்னு வந்தா வேற யாரையாவது பாத்துக்கலாம். உன்கிட்ட வேணாம். உனக்கும் மனசு கஷ்டமா இருக்கும் பாரு" என்றாள். எனக்காகச் சொல்கிறாள் என்றே நம்பினேன். பிறகு ஒருநாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். சோபாவில் புதைந்து உட்கார்ந்திருந்த தங்கை எழுந்திருக்கத் திணறினாள். பழக்க தோஷத்தில் நான் அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனேன். அம்மா சட்டென்று தன் கையை நடுவில் நீட்டினாள். என் கை அம்மாவின் புறங்கையில் போய் முட்டியது. அம்மா அவளைத் தூக்கிவிட்டாள். தங்கை என் முகத்தைப் பார்க்காமல், "காபி குடிக்கலாமா?" என்றாள்.

அந்தத் தங்கைதான் இப்போது என் அறையில் நிற்கிறாள். அழகு நிலையத்தில் வேலை. காலையிலிருந்து நின்றுகொண்டே குனிந்து குனிந்து ஊராருக்கு முடி வெட்டுகிறவள். இடுப்பு வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

"அம்மா சொன்னதை நீயும்தானே கேட்டுக்கிட்டிருந்த" என்றேன். கேட்கக் கூடாது என்று நினைத்தது வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"உன் கை பட்டா ஆகாதுங்கறதை நான் நம்பலக்கா. அம்மா மனசு நோகக் கூடாதுன்னு சும்மா இருந்தேன்." குரல் உடைந்தது. "இப்ப நீ பாப்பியா, மாட்டியா?"

படுக்கையில் இடப்பக்கமாகப் படுக்க வைத்தேன். தலையணைகளை அண்டக் கொடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அப்போதுதான் கேட்டேன். குழந்தை அசைகிறதா? அசைகிறது. ரத்தம், நீர் ஏதாவது? இல்லை. வலி எப்போதும் இருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா?

"வந்து வந்து போகுது. போறப்ப சுத்தமா போயிடுது. அதான் சமாளிச்சுக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கையை அவள் முதுகெலும்பு முடியும் தட்டையான இடத்தில் வைத்தேன். இன்னொரு கையை அவளைக் கேட்டுவிட்டு வயிற்றின் மேல் வைத்தேன். அழுத்தவில்லை. ஒரு குழந்தையின் தலையில் கை வைப்பது போலத்தான் வைத்தேன். உள்ளே ஏதோ ஒன்று என் உள்ளங்கையை உதைத்துவிட்டு நகர்ந்தது. தங்கை கண்ணை மூடியபடி, "கையை எடுக்காதக்கா. சுகமா இருக்கு" என்றாள்.

பிறகு வயிறு இறுக ஆரம்பித்தது. கன்னத்தைப் போல மெத்தென்று இருந்தது, மெல்ல மெல்ல நெற்றியைத் தொடுவது போலக் கெட்டியானது. அதே நேரத்தில் தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு, "பாரு, வருது, வருது" என்று படுக்கையின் விளிம்பைப் பற்றினாள். கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது. வலியும் போனது. நான் கையை எடுக்காமல் காத்திருந்தேன். தவறாக உணர்ந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மறுபடியும் வந்தது. அடுத்தது இன்னும் சீக்கிரம் வந்தது.

இது இடுப்பு வலி இல்லை. என் கைக்கு இதில் வேலை இல்லை.

அந்தச் சில கணங்களில் மனம் போன போக்கை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. 'வெறும் தசைப்பிடிப்புதான், வீட்டுக்குப் போய்ப் படு' என்று சொல்லி அனுப்பிவிட்டால், அவள் இங்கே வந்ததே யாருக்கும் தெரியாது. மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால் எல்லோருக்கும் தெரியும். ஏதாவது ஆகிவிட்டால், கடைசியாக அந்த வயிற்றின் மேல் இருந்தது யார் கை என்பதும் தெரியும். அம்மா அதை வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியதில்லை.

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

"எதுக்கு? வேணாம்க்கா, அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். கொஞ்சம் நீவி விடு, நான் போயிடறேன்."

"இது நீவி விடற வலி இல்லடி. பிரசவ வலி மாதிரி இருக்கு."

"ஏழு மாசத்துலயா?" என்றாள். அதற்குமேல் எதிர்த்துப் பேசவில்லை. நான் சொன்னபடி எழுந்து, நான் மாட்டிவிட்ட செருப்போடு, சிறுபிள்ளை போல என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அடுத்ததாக வந்து காத்திருந்த கழுத்துவலிக்காரப் பெண்மணியிடம் எதுவும் சொல்லாமல் கிளினிக்கைப் பூட்டினேன். எங்களைப் பார்த்ததும் அவரே, "போங்க போங்க" என்று படியில் இறங்கி வழிவிட்டார்.

காரை நான்தான் ஓட்டினேன். தங்கையின் கணவருக்குப் போன் போட்டு நானே விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொரு சிக்னலிலும் அவள் மூச்சை எண்ணாமல் இருக்க முயன்றேன். பாலத்தைத் தாண்டும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடி கேட்டாள்.

"அக்கா, நீ அழுத்தினதுனால இல்லல்ல?"

முன்னால் போன பேருந்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். "நான் அழுத்தவே இல்ல. கை வெச்சேன், அவ்வளவுதான். நேத்துலேருந்தே வலிக்குதுன்னு நீதான சொன்ன?"

"ஆமா" என்றாள். "ஆமா, நேத்துலேருந்துதான்." கொஞ்ச தூரம் போன பிறகு, "சும்மா கேட்டேன்" என்றாள். அவள் பயத்தில் இருந்தாள். பயத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் எத்தனை மாதமாகப் படுத்துக் கிடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மருத்துவமனையில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் நடைபாதையில் நின்றேன். வெகுநேரம் கழித்து ஒரு பெண் மருத்துவர் வந்தார். என்னைவிட வயதில் சிறியவராக இருப்பார். எப்போது வலி ஆரம்பித்தது, நான் என்ன செய்தேன் என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன்.

"பிரசவ வலி ஆரம்பிச்சிருக்கு. நிறுத்தப் பாக்கிறோம். குழந்தையோட நுரையீரல் சீக்கிரம் முதிரட்டும்னு ஊசி போட்டிருக்கு. ரெண்டு நாள் தள்ளிப் போனாக்கூட நல்லதுதான்" என்றார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நல்லவேளை, உடனே கூட்டிட்டு வந்தீங்க. முதுகுவலின்னு நினைச்சு வீட்டுலயே படுத்திருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்" என்றார்.

அதைக் கேட்க அங்கே என்னைத் தவிர, தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் மட்டும்தான் இருந்தார்.

அம்மாவும் தங்கையின் கணவரும் சேர்ந்து வந்தார்கள். அவரை மட்டும் உள்ளே விட்டார்கள். போகிற போக்கில் அவர் என் தோளைத் தொட்டு, "அண்ணி, பயமில்லையே?" என்றார். மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன், ஊசி வரைக்கும் மட்டும். அம்மா லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி வந்திருக்க வேண்டும். சுவரில் கை ஊன்றி மூச்சு வாங்கினாள்.

"கடைக்குப் போனவ எப்படி உன்கூட வந்தா?"

வழியில் பார்த்தேன் என்று சொல்லலாம். அவளே போன் பண்ணினாள் என்று சொல்லலாம். தங்கை காட்டிக்கொடுக்க மாட்டாள்.

"என் கிளினிக்குக்கு வந்தாம்மா. இடுப்பு வலிக்குதுன்னு வந்தா. படுக்க வெச்சுப் பாத்தேன்."

"தொட்டியா?"

"தொட்டேன்."

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் பதில் சொல்லலாம். மருத்துவர் 'நல்லவேளை' என்றது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால், என் அம்மாவிடம் நானே எனக்குச் சாட்சி கூப்பிடுவது போல இருக்கும். "ஊர்ல உன்னை விட்டா வேற ஆளே இல்லையா அவளுக்கு" என்று அம்மா முனகினாள். பிறகு, "உன்னை ஒண்ணும் சொல்லல" என்றாள். நான் சுவரோர நாற்காலி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவளும் அதே வரிசையில், நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தாள்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நர்ஸ்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டே இருக்கும் சின்னச் சின்னக் காலடிகள் போல, கருவியில் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு. கதவு மூடியதும் அறுந்துவிடும். முதல் சில முறை அம்மாவுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை கதவு திறந்தபோது எழுந்து போனாள். அது மூடுவதற்குள் காலிலிருந்த செருப்பைக் கழற்றி இடுக்கில் தள்ளிவிட்டாள். கதவு செருப்பில் வந்து முட்டி நின்றது. சத்தம் நிற்காமல் வந்தது.

"அது சரியாத்தான் ஓடுதா?" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "இவ்வளவு வேகமா அடிக்கலாமா?"

எழுந்து அவள் அருகில் போய் நின்றேன். தலையைச் சாய்த்துக் கேட்டேன்.

"அப்படித்தான்மா அடிக்கும்."

உள்ளே தங்கை ஒருமுறை முனகினாள். பிறகு அதுவும் அடங்கியது. துடிப்பு மட்டும் கேட்டது. அம்மா ஒரு காலில் செருப்போடும், குளிர்ந்த தரையில் வைத்த வெறும் காலோடும், கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.