மூன்றாவது ஊசி

வண்டி மறுபடியும் அதே இடத்தில் நின்றது. குடோன்களின் நீளமான சுவரில் முக்கால்வாசி தாண்டிய இடம். முதலில் ஒரு இருமல், பிறகு யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல ஒரு தயக்கம், அப்புறம் ஒன்றுமில்லை. கொசு ஓரமாக உருட்டி நிறுத்தி, இறங்கி, டயருக்கு ஓங்கி ஓர் உதை விட்டாள். கால்தான் வலித்தது.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்ப்பது அவள் வேலை. கொசு என்று பெயர் வைத்தது ஓர் ஆறு வயதுச் சிறுமி. லேபிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அந்தச் சிறுமியின் ரத்தம்தான் இப்போது பின்சீட்டின் ஐஸ் பெட்டியில் இருந்தது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மெஷினுக்குள் போயாக வேண்டும். தாண்டினால் கொட்டிவிட்டு மறுபடி குத்த வேண்டியதுதான். இதுவரை இரண்டு முறை கொட்டியாகிவிட்டது. இரண்டு முறையும் இதே சுவர், இதே வண்டி.

"இதுதான் கடைசிடா செல்லம்" என்று இரண்டு தடவையும் சொல்லியிருந்தாள். இன்று காலை சிறுமி அழவில்லை. இரண்டு பக்கமும் கன்றிப்போயிருந்த கையைத் தானே நீட்டிவிட்டு, "கொசு அக்கா, நீங்க பொய் சொல்லுவீங்கல்ல?" என்று கேட்டாள். வெளியே மழை பெய்கிறதா என்று விசாரிக்கிற குரலில். கொசு குனிந்து ஊசியைப் பிரித்தாள். இந்த முறை இதுதான் கடைசி என்று சொல்லவில்லை.

மணி பத்தே கால். பத்து நாற்பதுக்குள் லேபில் இருக்க வேண்டும்.

கோபப்பட ஆளுக்குப் பஞ்சமில்லை. முதலில் மெக்கானிக். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினான். ஜெட்டின் பொடித் துளைகளில் காற்றடித்தான். அடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டி, "பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. வண்டில ஒண்ணுமில்லம்மா, சோக்க இழுத்துட்டு மறந்துடுறீங்க" என்றான்.

"நான் சோக்கே இழுக்கறதில்லண்ணே."

"அதாம்மா, இழுக்கணும்."

ஒவ்வொரு முறையும் அவன் செய்கிற முதல் வேலை டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது. பிறகு ஒரு தெருவைச் சுற்றிவிட்டு வருவான். வண்டி குதிரையாய் ஓடும்.

அடுத்தவன் அண்ணன். பிளம்பர். அவளுடைய வண்டியின் ஸ்குரூக்களைத் தினமும் சாயங்காலம் கால் திருகு இப்படி, கால் திருகு அப்படி என்று ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவது போலத் திருகிவிட்டு, "வண்டில கோளாறு இல்ல, ஓட்டுறவகிட்டதான்" என்பான். மூன்று வாரமாக அதே வசனம். அதைக் கேட்டு அண்ணியும் சிரிக்கப் பழகியிருந்தாள்.

எதிர் கேட்டிலிருந்த குடோன் வாட்ச்மேன் எழுந்து நின்று கத்தினார். "சாய்ச்சுப் போட்டு உதைம்மா!"

"சாய்ச்சாச்சுய்யா!"

"அப்ப நிமித்திப் போட்டு உதை!"

கொசு பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணில் மண்டியிட்டாள். கார்புரேட்டருக்குப் போகிற பெட்ரோல் குழாயைக் கையாலேயே பிடுங்கினாள். நான்கைந்து சொட்டு விழுந்தது. அப்புறம் ஒரு சொட்டு, நுனியில் தொங்கி, யோசித்து, விழாமலேயே நின்றுவிட்டது. டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்துவிடுகிற திருகு முழுதாகத் திறந்துதான் இருந்தது. வண்டியை ஆட்டினாள். உள்ளே பெட்ரோல் குளம் போலத் தளும்பியது. இத்தனை இருந்தும் இறங்கவில்லை.

தொங்கிய சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவள் நூறு முறை பார்த்திருக்கிறாள், வண்டியில் அல்ல. கண்ணாடி பாட்டிலிலிருந்து மருந்து ஏற்றும்போது அதன் மூடியில் காற்றுக்கு என்று தனியாக ஓர் ஊசி குத்தாவிட்டால் சொட்டு இப்படித்தான் பாதியில் நிற்கும். பாட்டில் நிறைய மருந்து இருக்கும், நோயாளிக்கு எதுவும் போகாது.

எழுந்து டேங்க் மூடியைத் திருகினாள். ஸ்ஸ்ஸ் என்று டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. அடுத்த நொடி கீழே தொங்கிய குழாயிலிருந்து பெட்ரோல் கொட்டி அவள் செருப்பை நனைத்தது. அவசரமாகக் குழாயை மாட்டினாள்.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் காற்றுக்கான சின்னத் துளை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பசை. கட்டைவிரலால் அழுத்தி, ஓரம் வழித்து, அழகாக முடித்த வேலை. வீட்டுச் சமையலறைத் தொட்டியின் ஓரத்திலும், குளியலறை மூலையிலும், ஜன்னல் சட்டத்திலும் அதே கட்டைவிரல் வழித்த தடம் உண்டு.



பையிலிருந்ததிலேயே தடித்த புது ஊசியைப் பிரித்து, ரப்பர் போல இறுகியிருந்த பசையில் இறக்கி, அப்படியே குத்திய இடத்தில் விட்டாள். இரண்டாவது உதையில் வண்டி உயிர்பெற்றது. வாட்ச்மேன், "நான் சொல்லல?" என்றார்.

பத்து முப்பத்தாறுக்கு லேப். "கொசு இன்னிக்குப் பறந்தே வந்துடுச்சு" என்று சிரித்தபடி பையன்கள் ட்யூபை வாங்கினார்கள். மெஷினின் மூடியைச் சாத்துகிறவரை அவள் அங்கேயே நின்றாள். இனி அந்தக் கையில் குத்த வேண்டாம். சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. நேராக அண்ணன் வேலை செய்கிற கட்டடத்துக்கு வண்டியைத் திருப்பினாள்.

மூன்றாவது மாடிக் குளியலறையில் அவன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து பைப் முடுக்கிக்கொண்டிருந்தான்.

"டேங்க் மூடில இருந்த ஓட்டைய அடைச்சது யாரு?"

அண்ணன் முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டியா! வீட்டுக்குள்ள பெட்ரோல் வாடை வருதுன்னு நீதான சொன்ன. பாத்தேன், லீக்கு. நல்ல சாமானா போட்டேன், பத்து வருஷத்துக்கு அசையாது."

"அது லீக் இல்ல, மூக்கு. வண்டியோட மூக்கப் பொத்திட்டு, உனக்கு ஓட்டத் தெரியலன்னு என்னைச் சொல்லிக்கிட்டு இருந்தியா? எப்ப அடைச்ச?"

"அது... ஒரு மூணு வாரம் இருக்கும்."

"வண்டி நிக்க ஆரம்பிச்சு எத்தன நாளாச்சு?"

ஸ்பேனர் தரையில் இறங்கியது. அவன் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "நல்லதுக்குத்தான பண்ணேன்" என்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"இதெல்லாம் உங்கிட்ட என்னத்த சொல்றது? உனக்கு என்ன தெரியும்?"

சொன்ன பிறகு அவனுக்கே அது நன்றாகப் படவில்லை. தலைகுனிந்துகொண்டான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவள் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"எழுந்து வா."

"வேலை பாதில கெடக்கு."

"கெடக்கட்டும். ஆறு வயசுப் புள்ள, ரத்தமே இல்லாத ஒடம்பு. உன் பசையால ரெண்டு குத்து சும்மா வாங்கியிருக்கு. என்னப் பொய்க்காரின்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. நீ வந்து அந்தக் கையப் பாரு. அப்புறம் யாரு பண்ணதுன்னு அதுகிட்ட நீயே சொல்லு."

"சின்னப் புள்ளகிட்ட போயி நான் என்னன்னு சொல்றது?"

அவள் படியிறங்கினாள். இரண்டு மாடி இறங்கும்வரை பின்னால் சத்தமில்லை. பிறகு குழாயடியில் கை கழுவும் சத்தம், அதன் பின் செருப்புச் சத்தம்.

கீழே வந்ததும் அவன் வழக்கம்போலக் கையை நீட்டினான். "சாவியக் குடு, நான் ஓட்டுறேன்."

"பின்னால உக்காரு."

ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்தான். இரண்டு தெரு தாண்டியதும், "கொஞ்சம் மெதுவா போ" என்றான்.

அவள் மெதுவாகப் போகவில்லை.