அக்காவின் காத்திருப்பு

வீட்டில் அவனுக்குக் 'கணக்கு' என்றுதான் பேர். வேலையும் அதேதான்: எந்த நாட்டில் வைத்தியத்துக்கு என்ன செலவு, எவ்வளவு காலம் காத்திருக்கணும் என்று ஒப்பிட்டு அட்டவணை போடுவது. இந்த வருஷம் சொந்த நாடு முதலிடம். செலவே இல்லை, காத்திருப்பும் குறைவு. டிவியில் வேறு வந்து பேசிவிட்டான், கேட்கவா வேணும்! கணக்கு ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கண் மங்கியது. தெருமுனை டாக்டர், கண்ணில் அழுத்தம், பெரிய கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அவரைப் பார்க்க முறை வருவதற்கே மழைக்காலம் ஆகிவிடுமாம். அத்தான் பதறிப்போனார்.

"பக்கத்து நாட்டுல காசு கொடுத்தா நாளைக்கே பார்ப்பாங்களாம். கிளம்பிடட்டுமா மாப்ளே?"

"எதுக்கு அத்தான் காசைக் கரியாக்குறீங்க? நம்ம நாடுதான் முதல். நானே போட்ட கணக்கு!"

அதோடு அக்கா அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். தம்பி சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

ஆனால் ஒன்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அவன் கணக்கில் காத்திருப்பு என்பது, பெரிய டாக்டர் 'ஆபரேஷன் பண்ணணும்' என்று எழுதிய நாளிலிருந்துதான் ஆரம்பம். அவர் வாசலைப் போய்ச் சேரும்வரை காத்துக்கிடக்கிற மாதங்கள் கணக்கிலேயே வராது. எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் வேணுமே என்று அவன்தான் அப்படி வைத்தான். அதனால் சொந்த நாடு மேலே வந்ததும் அவனுக்கு இனிக்கத்தான் செய்தது. அன்றைக்கே அக்காவிடம் சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை, பாவிக்கு!

மழைக்காலம் வந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்த பெரிய டாக்டரின் முகம் மாறியது.

"இடது கண் பார்வை போயிடுச்சும்மா. இனிமே வராது. முன்னாடியே வந்திருக்கக் கூடாதா? வலது கண்ணையாவது காப்பாத்தணும். இன்னைக்கே ஆபரேஷன்."

அத்தான் அவன் பக்கமே திரும்பவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பதிவு மேஜையில் இருந்த பெண் கணினியில் தட்டிவிட்டுச் சிரித்தாள். "இன்னைக்கு எழுதி இன்னைக்கே ஆபரேஷன். ஒரு நாள்கூடக் காத்திருக்கலை. கொடுத்துவச்சவங்கம்மா நீங்க."

சக்கர நாற்காலியில் இருந்த அக்கா தடவித் தடவி அவன் கையைப் பிடித்தாள். "கேட்டியாடா? நீ சொன்னது சரியாத்தான் இருக்கு."

அவன் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பெஞ்சில் அத்தான் மட்டும். பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"தெரிஞ்சே மறைச்சிட்டேன் அத்தான். அக்கா வெளிய வந்ததும் கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்."

அத்தான் மூடிய கதவைக் காட்டினார்.

"சொல்லிடாதே" என்றார். "உன்னை நம்பித்தான் உள்ளே போயிருக்கா."