பார்த்துக்கொள்வாள்

அப்பா கைப்பட எழுதிய உயில் ஒன்றரைப் பக்கம்தான். வீடு எனக்கு. கடைசி வரி: “தம்பியை அக்கா பார்த்துக்கொள்வாள்.” லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர், அதற்கு மேல் எழுத அவருக்குப் பொறுமை இல்லை. எனக்கும் அதில் குறை எதுவும் தெரியவில்லை.

வக்கீலம்மாவுக்குத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எனக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

“இந்தக் கடைசி வரி உங்க ஆசைங்க, அவ்வளவுதான். சட்டப்படி வீடு மக பேருக்குப் போயிடும். நாளைக்கு அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவங்க பிள்ளைங்களுக்கு. இவர் எங்க நிப்பார்? உயில்லயே வீட்ட ஒரு டிரஸ்ட்டுக்குன்னு எழுதிடுங்க. அது இவருக்காக மட்டும். அக்கா நிர்வாகம் பண்ணட்டும். அவங்களால முடியாதப்போ அடுத்து யாருன்னும் எழுதிடலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்போ என்மேல நம்பிக்கை இல்லன்னு சொல்றீங்க.”

“நம்பிக்கை இருக்கு. நீங்க சாகாவரம் வாங்கியிருக்கீங்களான்னுதான் தெரியல.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ஊருக்கே தெரியும். அம்மா இறந்த இந்தப் பத்து வருஷமாக அப்பா வீட்டுக்கு வாரம் தவறாமல் வந்து, தம்பிக்கு நகம் வெட்டி, பித்தான் தைத்து, பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனவள் நான். முப்பத்து நாலு வயதாகிறது அவனுக்கு. லாண்டரியில் துண்டு மடிக்கிறான். முனையோடு முனை சேராவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பான். ஆனால் சில்லறை வாங்கத் தெரியாது, அடுப்பைப் பற்றவைத்தால் அணைக்க மறந்துவிடுவான். அப்பா காலத்துக்குப் பிறகு என் வீட்டுப் பின்னறை அவனுக்கு என்று எப்போதோ முடிவு செய்து கட்டிலுக்கு அளவுகூட எடுத்துவிட்டேன். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

வக்கீலம்மா குறித்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க. அப்பாவுக்கு அப்புறம் எங்க இருக்கணும்?”

இந்தக் கேள்வியை நான் அவனிடம் கேட்டதே இல்லை. அப்பாவும் கேட்டதில்லை.

அவன் அவசரப்படவில்லை. “எங்க வீட்லதான். லாண்டரிக்கு நடந்தே போயிடுவேன்.”

“கூட யாராவது வேணுமே?”

“சமைக்க ஆள் வரட்டும்.” என்னை ஒருமுறை பார்த்தான். “அக்கா வரட்டும். அப்புறம் போகட்டும்.”

“அக்கா வீட்டுக்கே போயிட்டா என்ன?”

“அக்கா கத்துவா.”

அப்பா சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தார். நான் எப்போடா கத்தினேன் என்று கத்தப் போய், வாயை மூடிக்கொண்டேன். வலித்தது. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதால் இன்னும் வலித்தது.

வக்கீலம்மா புது வரைவை வாசித்தார். வீடு டிரஸ்ட்டுக்கு; அவன் ஆயுசு முழுக்க அங்கேயே. நிர்வாகம் நான், எனக்குப் பின் அத்தை மகன்.

“இவர் சொன்னதையும் ஒரு கடிதமா எழுதி இதோட வைக்கலாம். கொஞ்சம் பூசி மெழுகித்தான் எழுதுவேன்,” என்றார் என்னைப் பார்த்து.

“வேண்டாம்மா. கத்துவாங்கறதையும் அப்படியே எழுதுங்க,” என்றேன். “எனக்கு அப்புறம் வர்றவனும் படிக்கணும்ல.”